தடிப்பும் மென்மையும்: போடோனி எழுத்துருவும் அதன் பயன்பாடும்

எழுத்தைப் பற்றி ஆராயும்போது நாம் அதன் எண்ணிக்கை, தோற்றம், சீர்திருத்தம் ஆகியவற்றையே பெரிதும் பேசுகிறோம். அச்சில் அது ஏற்கும் உருவம் படிப்பவர் கண்ணுக்குத் துணையாகிறதா, தடையாகிறதா என்று அத்துணை நோக்குவதில்லை. அவ்வாறு நோக்குதற்கு, போடோனி என்னும் உரோமன் எழுத்துரு தக்க சான்றாகும்.

இத்தாலியின் பார்மா நகரில் 1768 முதல் அரச அச்சகத்தை நடத்தியவர் ஜியாம்பட்டிஸ்டா போடோனி (1740–1813). அவர் வடித்த எழுத்துகளில் செங்குத்துக் கோடுகள் தடித்தவை. கிடைக்கோடுகள் மயிரிழை போன்றவை. கோட்டின் முனையில் அமையும் ‘செரிஃப்’ எனப்படும் சிறு குறுக்குக்கோடும் வளைந்து இணையாமல் நேராக, மெல்லியதாக நிற்கிறது. அகன்ற முனைப் பேனா இயல்பாகத் தரும் சாய்வு இங்கு இல்லை. வழவழப்பான தாளும் நேர்த்தியான அச்சுப்பணியும் இருந்தமையால்தான் இத்துணை மெல்லிய கோடுகள் சிதையாமல் பதிந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் எழுத்துவார்ப்பாளர்கள் இம்முரணை மேலும் பெருக்கினர். தடித்த கோடுகள் பின்னும் பருத்தன. மெல்லியவை அவ்வாறே நின்றன. சுவரொட்டிகளுக்காகப் பிறந்த இவ்வகை, தொலைவிலிருந்தே கண்ணை ஈர்த்தது.

ஈர்க்கும் அதே முரண், அளவு குறையும்போது இடராகிறது. மலாய்மொழியில் ‘குடி’ எனப் பொருள்படும் ‘மினும்’ என்ற சொல்லை உரோமன் எழுத்தில் எண்ணிப் பாருங்கள். அதன் 5 எழுத்துகளிலும் சேர்ந்து 11 செங்குத்துக் கோடுகள் வருகின்றன. அவற்றை எழுத்துகளாகப் பிரித்துக் காட்டுபவை மெல்லிய இணைப்புகளே. சிற்றளவில் அவை மங்கினால் எஞ்சுவது வேலிக்கம்பு போன்ற வரிசையே. படிக்கத் தொடங்கும் குழந்தை அங்கே தடுமாறுவது அதன் குறையன்று.

இச்சிக்கலைப் போடோனியும் அறிந்திருந்தார்; அளவுக்கேற்ப எழுத்துகளைத் தனித்தனியே வடித்தார். 1994இல் வெளிவந்த ஐ.டி.சி. போடோனியும் 6, 12, 72 புள்ளி அளவுகளுக்கு மூன்று வடிவங்களைக் கொண்டது. சிறிய அளவுக்குரியதில் மெல்லிய கோடுகள் சற்றுத் தடித்திருக்கும்.

தமிழுக்கும் இவ்வுண்மை பொருந்தும். ‘ரி’, ‘ரீ’ இரண்டையும் வேறுபடுத்துவது மேல்விலங்கின் முனையிலுள்ள சுழியே. தடிப்பு மிகுந்து அதன் உள்வெளி அடைபட்டால் குறிலும் நெடிலும் மயங்கும்.

ஆகவே, தடிப்பும் முரணும் மிக்க எழுத்துருவை அட்டைக்கும் தலைப்புக்கும் அறிவிப்புப் பலகைக்கும், சுற்றிலும் வெள்ளிடம் விட்டுப் பயன்படுத்தலாம். பாடப்பகுதிக்கும் பயிற்சித்தாளுக்கும் வினாத்தாளுக்கும் முரண் குறைந்த எழுத்துருவே ஏற்றது. ஆசிரியர்கள் பயிற்சித்தாளைப் படியெடுக்குமுன், ஒரு படியை மாணவர் அமரும் தொலைவில் வைத்துப் படித்துப் பார்த்தல் நலம். திரையில் தெளிவாகத் தோன்றும் மெல்லிய கோடு, நகலெடுத்த தாளில் எஞ்சுமா என்பது அப்போதுதான் புலப்படும்.