நாய் ஒரு மாதிரியாக இருக்கிறதா? காத்திருக்கலாமா, ஓட வேண்டுமா?

மேல்கோட்டை என்றதும் நம்மவர்களுக்கு மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, உடையவர் ராமானுஜர் தங்கி வாழ்ந்த திருநாராயணபுரம் இதுதான் என்பது. இரண்டாவது, பங்குனியில் நடக்கும் வைரமுடி சேவை. மூன்றாவது, புளியோதரை!

மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரம். பஸ்ஸை விட்டு இறங்கி, கல்யாணி தீர்த்தத்தில் கால் நனைத்து, செல்வ நாராயணரைச் சேவித்து, யோக நரசிம்மர் மலையேறி இறங்கியதும் பசி வயிற்றைக் கிள்ளும். இலையில் சுடச்சுடப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் வாங்கிச் சாப்பிடாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை.

தின்று எறிந்த இலைகளுக்காகக் காத்திருப்பவை தெரு நாய்கள். "வாயில்லா ஜீவன், அதுவும் பிரசாதம் தின்னட்டுமே" என்று மீதியை அவற்றின் முன் வைப்பவர்கள் உண்டு. பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, வளர்க்கும் நாய்க்கும் ஒரு பங்கு வைப்பவர்களும் உண்டு.

அந்த நல்ல எண்ணத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பது அண்மைக் காலத்தில்தான் தெரிய வந்தது.

திராட்சையும் புளியும்

திராட்சைப் பழமும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். ஏன் என்பதுதான் புரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்காவின் விஷமுறிவு ஆலோசனை நிலையம் ஒன்றின் மருத்துவர்கள் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்த அமிலத்தின் உப்பு சேர்த்துப் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே பாதிப்பு வந்ததைக் கண்டுதான் இந்தச் சந்தேகம் பிறந்தது.

புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதை 2022-ல் வெளியிட்டார்கள். இந்த அமிலம் மிகுதியாக உள்ள பழங்களில் புளியும் ஒன்று!

அப்படியானால் மேல்கோட்டைப் புளியோதரையை ஒரு வாய் தின்ற நாய் செத்துவிடுமா? அப்படியில்லை. எவ்வளவு தின்றால் கெடுதல் என்பது நாய்க்கு நாய் மாறுபடுகிறது. ஆனால் ஜாடியிலிருந்த புளிக்காய்ச்சலை நக்கிவிட்டால், அல்லது பொங்கலில் கிடந்த திராட்சையை ஒரு கை அளவு தின்றுவிட்டால், விளையாட்டாக விட்டுவிடக் கூடாது.

முதலில் வாந்தி வரும். அது பெரும்பாலும் தின்ற அன்றே வரும். பிறகு நாய் சோர்ந்து படுக்கும். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கும். தின்ற இரண்டொரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் வாந்தி எடுக்க வைத்தே காப்பாற்றிவிட வாய்ப்பு அதிகம். மூன்றாம் நாள் போனால் சிறுநீர் வருவதே நின்றிருக்கலாம். அதன்பின் பிழைப்பது அரிது.

"ராத்திரி வந்து பாத்துக்கலாம்"

வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன?

"ஏங்க, நாய் காலையிலேருந்து ஒண்ணும் திங்கலை. கட்டிலுக்கடியிலேயே கிடக்குது."

"கண்டதைத் தின்னிருக்கும். ஷிப்டுக்கு நேரமாச்சு. ராத்திரி வந்து பாத்துக்கலாம்."

கணவர் சொல்வதில் தவறில்லை. அரை நாள் லீவு போட்டால் அரை நாள் சம்பளம் போகும். ஆட்டோவுக்குக் காசு வேண்டும். நாய் ஒரு வேளை தின்னாததற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா? மனைவியின் கவலையிலும் தவறில்லை. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தால் இருவருக்கும் வாக்குவாதமே இருக்காது.

நாயின் வழக்கம் தெரிந்தவர் வளர்ப்பவர்தான். ஆகவே பக்கத்து வீட்டு நாயோடு ஒப்பிட வேண்டாம். அதே நாய் நேற்று எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கேட் சத்தம் கேட்டதும் ஓடிவரும் நாய் இன்று வரவில்லை, வாலாட்டும் நாய் உறுமுகிறது, ஒளிந்துகொள்ளும் நாய் காலைச் சுற்றுகிறது என்றால் ஏதோ கோளாறு என்று பொருள். அடுத்து அது எவ்வளவு அவசரம் என்று தரம் பிரிக்க வேண்டும்.

காத்திருக்கலாம்

ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டுப் பழையபடி ஓடியாடுகிறது. ஒரு வேளை சோறு வேண்டாம் என்கிறது, ஆனால் தண்ணீர் குடிக்கிறது, கூப்பிட்டால் வருகிறது. புல்லைக் கடித்துத் தின்கிறது. தூக்கத்தில் காலை உதறி முனகுகிறது, தட்டினால் விழித்துக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

இன்றைக்குள் போக வேண்டும்

ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தின்னவில்லை. வாந்தியோ பேதியோ திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு காலை ஊன்றவே இல்லை. வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. தொட்டால் வலியில் கத்துகிறது. இவற்றை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, இரத்தத்தோடு கழிந்தால் ஒரு நாள்கூட அதிகம். அது பார்வோ நோயாக இருக்கலாம். 1978-ல்தான் உலகில் அடையாளம் காணப்பட்ட இந்த நோய், இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடக் கூடியது. உடலில் நீர் வற்றுவதுதான் சாவுக்கு முக்கியக் காரணம். உரிய நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கின்றன.

இந்த நிமிடமே கிளம்ப வேண்டும்

மூச்சுத் திணறல். நிற்க முடியாமல் சாய்தல். வயிறு பறையாக உப்பியிருக்க, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தல். இது பெரிய உடம்பு நாய்களுக்கு வருவது. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கும், சில மணி நேரத்தில் உயிர் போகும்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, அல்லது ஒரே நாளில் இரண்டாவது வலிப்பு. முக்கி முக்கியும் சிறுநீர் வராமை. பாம்புக்கடி. வண்டி மோதியது, எழுந்து நடந்தாலும்கூட, உள்ளே இரத்தம் கசியலாம். வெயிலில் கட்டிப்போட்ட நாய் நாக்கைத் தள்ளி இரைத்துத் தள்ளாடுவது. நாய்க்கு இயல்பான உடற்சூடே சுமார் 101, 102 டிகிரி. 104-ஐத் தாண்டினால் ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

எலி மருந்து தின்றதைக் கண்டால், நாய் நன்றாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பல எலி மருந்துகள் மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே இரத்தப்போக்கை உண்டாக்கும். மருந்தின் அட்டையைக் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

சந்தேகம் இருந்தால் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, கிளம்ப வேண்டியதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நடத்தையே மாறிப்போன நாயின் வாயருகே கை போகக் கூடாது. காரணம் கீழே.

தூக்கிக்கொண்டு ஓடக் கூடாத நோய்

எந்த நோய்க்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். வெறிநோய்க்கு மட்டும் கூடாது. அதற்கு வைத்தியம் கிடையாது. தூக்குகிறவருடைய உயிருக்குத்தான் ஆபத்து.

வெறிநாய் என்றால் எச்சில் வடிய எல்லோரையும் துரத்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தெருவில் "ஹுச்சு நாயி" என்று கூச்சல் எழுந்தால் அப்படித்தான் தேடுகிறோம். ஆனால் ஊமை வெறி என்று ஒன்றுண்டு. நாய் இருட்டு மூலையில் முடங்கும். குரல் மாறிப்போகும். தாடை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழியும்.

இதைப் பார்த்து, தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று வாய்க்குள் கை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மிகப் பெரிய தவறு இதுதான். கடிக்கவே வேண்டாம், கையில் சிறு கீறல் இருந்தால் எச்சில் பட்டாலே போதும்.

"தண்ணீர் குடிக்கிறதே, அப்படியானால் வெறியில்லை" என்பதும் தவறான நம்பிக்கை. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது நோய் கண்ட மனிதரிடம் காணும் அறிகுறி. வெறிகொண்ட நாய் தண்ணீரை நாடலாம்.

இந்தச் சந்தேகம் வந்தால் நாயை ஓர் அறையிலோ கொல்லையிலோ விட்டு வெளியே தாழிட வேண்டும். பிள்ளைகளை அப்புறப்படுத்த வேண்டும். கால்நடை ஆஸ்பத்திரிக்கும் நகரசபைக்கும் தகவல் சொல்ல வேண்டும். வெறிநோய் கண்ட நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும்.

கடியோ கீறலோ பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. பிறகு அன்றே ஊசி. பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது தற்கொலைக்குச் சமம். ஆழமான கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போடுவார்கள். அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

குன்னூர் தந்த பாடம்

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்ற பயத்தில் ஒதுங்குகிறவர்கள் இன்னும் உண்டு. அது பழைய கதை. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை இந்தியா 2004-05 வாக்கில் கைவிட்டது. இப்போது கையில் போடும் ஊசிதான். தசையில் போட்டால் ஐந்து தவணை, தோலில் போட்டால் நான்கு தவணை.

தென்னாட்டில் இந்த ஊசிக்கு வழி பிறந்தது நம் நீலகிரியில்தான். 1902-ல் ஓர் இளம் ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தாள். தடுப்பு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அந்தச் சாவு எழுப்பிய வேதனையின் தொடர்ச்சியாக, அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. அன்று மருந்து இல்லாமல் செத்தார்கள். இன்று மருந்து இருந்தும், நாயின் மாறுதலைக் கவனிக்காமலும் ஊசியைத் தள்ளிப்போட்டும் சாகிறார்கள். கர்நாடக அரசு 2022-ல் மனிதருக்கு வரும் வெறிநோயை, கண்டால் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

மலையில் வாழும் உறவினர்கள்

மேல்கோட்டைக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. இதைச் சுற்றியுள்ள காடு 1974-ல் சரணாலயமாக்கப்பட்டது. அங்கே காக்கப்படும் முக்கியமான விலங்கு ஓநாய். ஓநாய் நாய்க்கு நெருங்கிய உறவு. நாயின் நோய் அதற்கும் தொற்றும். எத்தியோப்பிய நாட்டு மலையில் 2003-ல் நாய்களிடமிருந்து பரவிய வெறிநோய், அங்கிருந்த அரிய ஓநாய்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. கிராமத்து நாய்க்குப் போடும் ஊசி காட்டு ஓநாய்க்கும் காவல்.

"பசு" என்றால் மாடு மட்டுமல்ல

இங்கே வந்து சேர்ந்த நம்மவர்கள் பலருக்கு எங்கே போவது என்பதே தெரிவதில்லை. போர்டில் "பசு ஆஸ்பத்ரே" என்று கன்னடத்தில் இருந்தால் அது மாட்டுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். கன்னடத்தில் அந்தச் சொல் எல்லாக் கால்நடையையும் குறிக்கும். நாயையும் பார்ப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் செலவும் குறைவு. நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண். வண்டி வர நேரமாகலாம்; மூச்சுத் திணறல் போன்றவற்றுக்குக் காத்திராமல் ஆட்டோ பிடிப்பதே நல்லது.

போகும்போது மூன்று விவரங்கள் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். எப்போது தொடங்கியது? என்ன தின்றது? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது? இவை தெரிந்தால் டாக்டரின் வேலை பாதி முடிந்த மாதிரி. மனிதருக்குத் தரும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரைகளை நாய்க்குத் தரக் கூடாது, அவையே விஷமாகும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது.

மூன்று மாதத்தில் குட்டிக்கு வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. இது போட்டிருந்தால் பாதி பயம் தீரும்.

அடுத்த முறை மேல்கோட்டைக்குப் போகிறவர்கள் புளியோதரையை வயிறார உண்ணட்டும். எறியும் இலையை மட்டும் மூடிய தொட்டியில் போடட்டும். காத்திருக்கும் நாய்க்கு வெறும் சோறோ இரண்டு பிஸ்கட்டோ போதும். வீடு திரும்பியதும், வாசலில் தம் நாய் வழக்கம்போல் ஓடிவருகிறதா என்று ஒரு தடவை பார்க்கட்டும். வரவில்லை என்றால், ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் அதனருகே செலவழிப்பது நஷ்டமாகாது.