தரை தண்ணீர் குடிக்குமா?

மும்பை சுனாபட்டியில் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் காங்கிரீட் தரைதான். நடந்து நடந்து, துடைத்துத் துடைத்து வழவழப்பாகியிருக்கும். டைல்ஸ் ஒட்ட வரும் கொத்தனாரோ முதலில் உளியும் சுத்தியலும் எடுத்து அதைக் கொத்தி முரடாக்குவார். நல்ல தரையை ஏன் இப்படிக் கொத்துகிறார்?

தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஊறி, அந்த இடம் கறுத்தால் நுண்துளைகள் திறந்திருக்கின்றன. உருண்டையாக அப்படியே நின்றால் எண்ணெயோ பெயிண்டோ துளைகளை அடைத்திருக்கிறது. அடுப்பு இருந்த மூலையிலும் வாசலருகிலும் தனித்தனியாகச் சோதியுங்கள், விடை மாறலாம்.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் அது இறுகுகிறது. அப்போது கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் ஊசி ஊசியாக முளைத்துத் துளைகளுக்குள் நீள்கின்றன. புதுக் கலவை பழைய தரையைப் பிடித்துக்கொள்ள இவையும் உதவுகின்றன. துளை அடைபட்டிருந்தால் ஊசிகளுக்கு இடமேது? கொஞ்ச நாளில் டைல்ஸ் பெயர்ந்துவிடும். தட்டினால் 'டொப் டொப்' என்று கேட்கும். அதனால்தான் கொத்தனார் கொத்துகிறார்.

கொத்தும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு. மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போய்த் தங்கும். தண்ணீர் தெளித்துக் கொத்த வேண்டும்; கொத்துகிறவருக்கு நல்ல முகக்கவசம் கட்டாயம் வேண்டும். நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பிறகு தூசியைக் கூட்டிக் கழுவி, தரையை நன்றாக ஊறவிடுவார்கள். வறண்ட தரை கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிட்டால் சிமெண்டுக்குப் போதாது. ஆனால் தண்ணீர் தேங்கவும் கூடாது; கலவை நீர்த்து வலுவிழக்கும். ஈரத்தரையில் சிமெண்ட் பால் ஊற்றிய உடனே கலவையைப் பரப்புவார்கள்.

மழைக்காலத்தில் தரைத்தள வீடுகளில் மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறும். தரையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்துகள் இருந்தால் கீழிருந்து ஈரம் வருகிறது. அதைச் சரிசெய்யாமல் டைல்ஸ் போட்டால் இணைப்புகளில் வெள்ளையாகப் பூக்கும். சிமெண்ட் இறுகும்போது உண்டான சுண்ணாம்பு நீரோடு மேலே வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆவதுண்டு. காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் இதேதான். அந்த வெள்ளையைச் சுரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், நுரைக்காவிட்டால் வேறு உப்பாக இருக்கலாம்.