கீழூரில் 178 ஓட்டு
காணையிலிருந்து விழுப்புரம் வந்து புதுச்சேரி பஸ் பிடித்தால், வளவனூர் தாண்டி மதகடிப்பட்டில் புதுச்சேரி வந்துவிடும். கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. அரியூரில் மீண்டும் புதுச்சேரி. சரக்கு விலையை வைத்தே எல்லையைச் சொல்லிவிடுவார்கள் நம் ஊர்க்காரர்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கந்தல் எல்லை இது. இன்னொன்றையும் விட்டுப்போனார்கள்: 2005-ல் ஐரோப்பிய அரசியல் சாசன ஒப்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போடும் உரிமை புதுச்சேரித் தமிழர் சிலருக்கும் இருந்தது.

அந்தக் கதை வில்லியனூரை அடுத்த கீழூரில் தொடங்குகிறது. மக்கள் சம்மதமில்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது பிரான்சின் 1946 அரசியல் சாசனம். வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூரில் 1949 ஜூன் 19-ல் மக்களிடமே கேட்டார்கள். இந்தியாவுடன் சேர 7,473 பேர், வேண்டாமென 114 பேர். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாமில் அப்படிக் கேட்கவில்லை. 1954 அக்டோபர் 18-ல் சட்டசபை, நகரசபை உறுப்பினர்கள் 178 பேர் கீழூரில் கூடினார்கள். இணைப்புக்கு 170, எதிர்ப்பு 8. இதையும் வாக்கெடுப்பு என்றே எழுதுகிறோம். முடிவில் சந்தேகமில்லை; ஆனால் கேட்கப்பட்டவர்கள் மக்கள் அல்ல, அவர்களுடைய பிரதிநிதிகள்.

நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் இந்தியா-பிரான்ஸ் இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்ஸ் அதற்கு ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். ‘சொல்தா’ (பிரெஞ்சு ராணுவ வீரர்) குடும்பங்கள் எத்தனையோ பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருப்பது இதனால்தான்.

அவர்களுக்கும் ஓட்டிருந்த அந்த ஐரோப்பிய சாசன வாக்கெடுப்பில், 2005 மே 29-ல் பிரான்ஸ் ‘வேண்டாம்’ என்றது, 54.7 சதவீதம். மூன்று நாளில் நெதர்லாந்தும் 61.5 சதவீதத்துடன் அதையே சொன்னது. சாசனம் செத்தது, சாரம் மட்டும் 2007-ல் லிஸ்பன் ஒப்பந்தமாக உயிர்பெற்றது. இம்முறை பிரான்ஸ் மக்களிடம் போகவில்லை, நாடாளுமன்றத்திலேயே முடித்துக்கொண்டது. கீழூர் பாணி! அயர்லாந்து மட்டும் மக்களிடம் கேட்டது. 2008-ல் ‘இல்லை’ என்று வந்தது. ராணுவ நடுநிலைமை, வரி விஷயங்களில் உறுதிமொழி வாங்கி அடுத்த ஆண்டே மறுபடி கேட்டார்கள். 67 சதவீதம் ‘சரி’. பிடித்த பதில் வரும்வரை கேட்பார்களா என்ற கோபம் ஐரோப்பாவில் எழுந்ததில் நியாயம் உண்டு. 2016-ல் பிரிட்டன் 51.9 சதவீதத்துடன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறத் தீர்மானித்த பிறகு, வருடக்கணக்கில் இழுத்த சிக்கல் அயர்லாந்தை இரண்டாக்கும் எல்லைதான். சரக்கு லாரியை எங்கே நிறுத்திச் சோதிப்பது? கண்டமங்கலத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீண்டும் புதுச்சேரிக்கு வருவோம். 1956 ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, புதுச்சேரியின் தனி அந்தஸ்தை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்கிறது. 1979 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தது. புதுச்சேரி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு வரை போனது. வாக்குப்பெட்டி வைக்காமலேயே விருப்பம் டெல்லிக்குத் தெரிந்துவிட்டது. இணைப்புப் பேச்சு கைவிடப்பட்டது.