இரத்தத்தில் திரியும் புரோஸ்டேட் செல்கள்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் அறுபதைத் தாண்டிய பெரியவர் முதுகு வலிக்கிறது என்றால் வீட்டில் என்ன செய்வார்கள்? "அந்தக் காலத்து உழைப்பு, வலிக்கத்தானே செய்யும்" என்று தைலம் தேய்த்து விடுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் அதே இடம்தான் வலிக்கும்.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சிறு சுரப்பி. அங்கே தோன்றும் நோய் முதுகெலும்புக்கு எப்படிப் போகிறது? இரத்தத்தோடு பயணம் செய்துதான். அப்படியானால் இரத்தத்திலேயே அந்த செல்லைப் பிடிக்க முடியாதா என்று நேயர்கள் கேட்கலாம்.

முடியும். நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தாம். ஆனால், ஒவ்வோர் உறுப்பும் தனக்கு வேண்டியதை மட்டுமே இயக்கும். பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் மரபணு முக்கியமாக புரோஸ்டேட்டில்தான் வேலை செய்கிறது. வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுக்கும். அந்த நகல் இரத்தத்தில் கிடைத்தால், புரோஸ்டேட் செல் வெளியேறி வந்திருக்கலாம் என்று பொருள். கோடிக்கணக்கான இரத்த செல்களுக்கு நடுவே அது ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆகவே, நகலைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கிறார்கள். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர். முறைதான். 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினர்.

2014இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நோய் முற்றிய 62 பேரின் இரத்தத்தில் திரிந்த புற்று செல்களில் ஏ.ஆர்.வி.7 என்ற அடையாளத்தைத் தேடினார்கள். 18 பேருக்கு அது இருந்தது. ஹார்மோனைத் தடுக்கும் விலையுயர்ந்த மாத்திரைகளால் அந்த 18 பேரில் ஒருவருக்குக்கூட பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் குறையவில்லை. பலன் தராத மருந்தில் மாதங்களை வீணாக்காமல் வேறு சிகிச்சைக்குப் போகலாம் அல்லவா?

ஆனால், இவையெல்லாம் நோய் பரவியவர்களுக்கே பெரிதும் உதவும். நம் நாட்டில் பலர் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆரம்பத்தில் இந்நோய் வலிப்பதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களும், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்திருந்தால் நாற்பத்தைந்திலேயே அவர்களும், பி.எஸ்.ஏ. சோதனை பற்றி அரசாங்கக் கிளினிக்கில் கேட்க வேண்டும். இது செல்லைத் தேடுவதில்லை. புரதத்தை அளக்கும் எளிய இரத்தப் பரிசோதனை. அளவு கூடினாலே புற்றுநோய் என்று பயந்துவிடாதீர்கள். வயதில் வரும் சாதாரண வீக்கத்தாலும் கூடும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் கூட்டிக் காட்டும். எரிச்சல் இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.