கடையை ஆறு நாள் விட்டுக் கப்பல் ஏறினோம்

மளிகைக் கடைக்காரனுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் கல்யாண வீடு, துக்க வீடு, சரக்குக் கொள்முதல், இவ்வளவுதான். கடை வைத்த 31 ஆண்டுகளில் நாங்கள் குடும்பத்தோடு வெளியில் தங்கியது திருப்பதியில் ஒரே ஓர் இரவு. அப்படிப்பட்ட நாங்கள் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறி, நான்கு இரவு கடலில் இருந்துவிட்டு வந்தோம் என்றதும் சங்க நண்பர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்த பின், எவ்வளவு ஆயிற்று, கடையை யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொருவராகத் தனியே வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறோம்.

காரணம் எங்கள் தகப்பனார். அவருக்கு 75 வயது நிறைந்தது. மண்டபம் பிடித்து விழா எடுக்கலாம் என்றோம். "அந்தக் காசுக்கு பினாங்கைக் காட்டுங்கடா" என்றார். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறிப் பினாங்கு போய், ஒரு மளிகைக் கடையில் எடுபிடியாக இருந்து, பிறகு கணக்கு எழுதியவர். 1956இல் திரும்பி வந்து திருவாரூரில் போட்ட கடைதான் இன்று நாங்கள் வைத்திருப்பது. ரஜுலா 1926இல் ஓடத் தொடங்கிய கப்பல். மூத்த வணிகர் பலருக்கு அதன் பெயர் நினைவிருக்கும். அடுத்து வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு நின்றது. ஆகவே நம் கரையிலிருந்து நேரே கப்பலில் போக வழியில்லை. திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் பிடித்தோம்.

நாள் குறித்ததில் மட்டும் வியாபாரிப் புத்தியைக் காட்டினோம். பொங்கல் சரக்கு ஓய்ந்திருந்தது. மாதக் கடைசி வாரம் ஆகையால் சம்பளக்காரர் வீட்டுச் சாமான் பட்டியலும் வராது. ஆனால் சாவி? 19 ஆண்டுகளுக்கு முன் பொட்டலம் மடிக்கும் பையனாகச் சேர்ந்தவரிடம் கல்லாவைக் கொடுக்கலாம் என்றோம். அப்பா ஒப்பவில்லை. ஆறு நாளும் கடையை அடைத்துவிடலாம் என்றார். பழகிய வாடிக்கை ஆறு நாள் வேறு கடைக்குப் போனால் ஏழாம் நாளும் அங்கேதான் போகும் என்று சொல்லி, ஒரு வாரம் வாதாடித்தான் சம்மதிக்க வைத்தோம்.

கப்பலில் கணக்கு வழக்கு

சிங்கப்பூருக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். கப்பல் மலேசியா போய்த் திரும்புவதால், ஒருமுறை விசா எடுத்தவர் திரும்பி இறங்கும்போது மாட்டிக் கொள்வார். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்குக் கொடுத்திருந்தது எங்களுக்கு வசதியாயிற்று. பயணப் பணத்தோடு ஏஜென்டு டி.சி.எஸ். பிடிப்பார். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக் கொள்ளக் கூடியது, விட்டுவிடாதீர்கள். இந்தச் செலவைக் கடைக் கணக்கில் எழுதலாமா என்று ஆடிட்டரைக் கேட்டோம். அவர் சொன்ன பதில் அச்சில் ஏற்றத் தக்கதல்ல.

ஆறு பேருக்கு இரண்டு அறை. ஜன்னல் இல்லாத உள் அறையே எடுத்தோம். ஜன்னல் அறைக்காரர் சாப்பிடும் அதே சாப்பாடு, அதே நீச்சல் குளம். அறையில் தூக்கம் தவிர வேலையில்லை. கப்பல் புறப்படுமுன் எல்லோரையும் கூட்டி, ஆபத்து வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார்கள். 2012இல் இத்தாலிக் கரையில் 'கோஸ்டா கன்கோர்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு இதைக் கண்டிப்பாக்கியிருக்கிறார்கள்.

ஏறியவுடன் ஆளுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் கடன் நோட்டு. கப்பலுக்குள் காசு புழங்குவதில்லை. அட்டையை நீட்டினால் பற்று எழுதி, கடைசி இரவில் மொத்தமாக பில் வருகிறது. கையிலிருந்து காசு போகாதபோது மனிதன் எப்படிச் செலவழிப்பான் என்பது கடன் நோட்டு வைத்திருக்கும் நமக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏமாந்தோம். சாப்பாடு டிக்கெட்டில் அடக்கம். பாட்டில் பானம், தனி உணவகம், போட்டோ, இன்டர்நெட் எல்லாம் தனி. போதாததற்கு, பணியாளர் இனாம் என்று தலைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு டாலர் தானாகவே பற்றாகிறது. பிள்ளைகளுக்கும் உண்டு. டிக்கெட் தொகையில் ஏறத்தாழ கால்பங்கு இப்படி மேலே போயிற்று. கடலுக்குள் கப்பலின் சாட்டிலைட் வழியே செல்போன் பிடித்துக்கொள்ளும், அதற்குத் தனிக் கட்டணம் என்று தெரியாமல், எங்கள் மகன் கடைக்குப் போன் போட்டு உளுந்து விலை கேட்டான். அந்தக் காசுக்கு அரை மூட்டை உளுந்தே வாங்கியிருக்கலாம்.

கப்பலுக்குள் கடை வீதியும் உண்டு. தீர்வையில்லாக் கடைகளாகையால், துறைமுகத்தில் நிற்கும்போது பூட்டிவிட்டுக் கடலுக்குள் போனதும் திறக்கிறார்கள். வாடிக்கையாளர் எங்கும் ஓடிவிட முடியாத இடத்தில் கடை. நம்மில் யாருக்கு வாய்க்கும்?

பிறந்தநாள் இரண்டாம் இரவு வந்தது. உடுப்பு முறை பார்க்கும் சாப்பாட்டுக் கூடம். வேட்டியோடு விடுவார்களா என்று அம்மாவுக்குக் கவலை. நாட்டு உடைக்குத் தடையில்லை என்றார்கள். அப்பா பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாய் வந்து உட்கார்ந்தார். ஒரு நாள் முன்பே சொல்லி வைத்ததால் முட்டையில்லாத கேக் வந்தது. சைவம், ஜைனம் எதுவானாலும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பத்துப் பணியாளர்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள். அப்பா எழுந்து ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். பிறகு எங்களிடம், "இவங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தரம் லீவு?" என்று கேட்டார். விசாரித்தோம். மாதக் கணக்கில் ஒப்பந்தம். வேலை நேரம் குறைந்து ஓய்வு கிடைக்கும். முழுநாள் லீவு ஒப்பந்தம் முடிந்து வீடு போனால்தான். அப்பா அதற்குமேல் கேக் சாப்பிடவில்லை.

பினாங்கில்

முதல் துறைமுகமான கிள்ளானைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கப்பல் நிற்குமிடத்திலிருந்து கோலாலம்பூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பத்துமலையில் 272 படி ஏறி இறங்கித் திரும்பவே பொழுது போயிற்று.

பினாங்கு அப்படியல்ல. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே கடைவீதிக்குப் போகலாம். அங்கே சுற்றுலா பஸ் எடுப்பது வீண் செலவு. பஸ்காரர் நிறுத்தும் கடையில்தான் நாம் வாங்குவோம். நடந்தால் நமக்குப் பிடித்த கடையில் வாங்குவோம். குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில். அருகே சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்களின் பெயரால் அழைக்கப்படுவது. பினாங்குத் தெருவில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. மார்க்கெட் தெருவில் மல்லி, மிளகாய், சீரகம் சாக்கின் வாயைச் சுருட்டிவிட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் கடையில் இருப்பது போலவே.

தாத்தா கடிதத்தில் எழுதியிருந்த கதவிலக்கம் கிடைத்தது. கடை இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அப்பா எதிர்வரிசை மளிகைக் கடையில் போய் நின்றார். கல்லாவில் இருந்தவர், "ஊர்லேருந்து வர்றீங்களா ஐயா? உட்காருங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். பழைய பெயரைச் சொன்னதும் தம் தகப்பனார் அதைச் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. பேச்சு ஏலக்காய் விலைக்குத் திரும்பி, வாடகைக்கு வந்து, கடையை எடுத்து நடத்தப் பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறார்கள் என்பதில் நின்றது. "நீங்க இப்ப இங்க இருக்கீங்களே, அங்க கடைய யாரு பாக்குறா?" என்று அவர் கேட்டார்.

"எங்க ஆளு பாக்குறாரு. பத்தொம்பது வருஷமா இருக்காரு" என்றார் அப்பா. வீட்டில் ஒரு வாரம் அந்த மனிதரைப் பற்றிச் சொன்னதெல்லாம் எங்கள் காதில் இன்னும் இருந்தது. நாங்கள் வாய் திறக்கவில்லை.

அரைக் கிலோ ஜாதிக்காய் வாங்கிக் கொண்டு, கப்பல் புறப்பட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே திரும்பிவிட்டோம். தனியாகச் சுற்றப் போனவர் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது.

ஊர் வந்த அன்று மாலை கடைக்குப் போனோம். ஆறு நாள் சிட்டையும் எழுதியிருந்தது. ரொக்கம் 40 ரூபாய் குறைந்தது. சர்க்கரை மூட்டை ஒன்றை நாங்கள் கொடுக்கும் விலைக்குமேல் வாங்கியிருந்தார். வராது என்று நாங்கள் கைகழுவிய ஒரு பாக்கியில் பாதியை வசூலித்திருந்தார். அப்பா நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். சாவிக் கொத்தை அவர் நீட்டியபோது, "காலைல நீயே தொற, நான் எட்டு மணிக்கு மேல வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக் கொண்டார்.

அந்தக் கொத்து இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.