கண்ணாடி உடைந்தால் கேடு வருமா?



கண் திருஷ்டிக்கென வாசலில் கண்ணாடி மாட்டுவதும், அது உடைந்தால் குடும்பத்திற்கு ஆகாது என அஞ்சுவதும் நம் கோவை, கொங்குப் பகுதிகளில் உண்டு. இவ்வச்சம் முஸ்லிம் வீடுகள் சிலவற்றிலும் புகுந்துள்ளது. புது மருமகள் கைதவறி உடைத்துவிட்டால், பின்னர் வரும் நோய்க்கும் நட்டத்திற்கும் அவளது ராசியே காரணம் என்று ஏசுவோரும் உளர். இது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டனர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள் (புகாரி). நபியின் மகன் இறப்புக்கே சூரியன் சகுனம் காட்டவில்லை. உடைந்த கண்ணாடியா காட்டும்?

கண்ணேறு உண்மையே. ஆயினும் அதற்குரிய பாதுகாப்பு கண்ணாடியன்று; ஃபலக், நாஸ் அத்தியாயங்களை ஓதி அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவதே. சகுனம் பார்ப்பதோ இணைவைப்பு என நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள் (அபூதாவூத்).

எனவே கண்ணாடி உடைந்தால் சில்லுகளைக் கவனமாக அள்ளுங்கள். மருமகளின் கையில் காயம் பட்டதா என்று பாருங்கள். ஓர் இறைநம்பிக்கையாளரை மற்றவருக்குக் கண்ணாடியாக உவமித்தார்கள் நபியவர்கள். அந்தக் கண்ணாடியை நம் நாவால் உடைத்துவிடாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.