மாய அலை எழும் மாநகரம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பாடசாலை அதிபர் ஒருவர் பொதுவாகப் பேசத் தயங்கும் பொருள். ஆங்கிலத்தில் இக்காலத்திற் பெருகிக் கிடக்கும் மாயக் கதைகளுள் ஒரு தொடர். அதுவும் காதற் கதை. உருமாறும் விலங்கு மனிதரும், இரத்தம் குடிக்கும் பிணங்களும், வாளேந்திய பெண்ணொருத்தியும் நடமாடுகின்ற அத்தொடரின் பத்து நாவல்களையும் நான் படித்து முடித்தேன். சிலவற்றை இருமுறை படித்தேன். இதனை ஒப்புக்கொள்வதில் முன்னர் எனக்கு நாணம் இருந்தது. இப்பொழுது அவ்வளவாக இல்லை.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எரிபொருளுக்காக மக்கள் வரிசையில் இரவைக் கழித்தார்கள். ஆண்டின் நடுப்பகுதியிற் பாடசாலைகளும் சில வாரங்கள் மூடப்பட்டன. பல்கலைக்கழகத்திலிருந்து வீடு வந்திருந்த என் மகள், தன் பையில் ஏழெட்டு ஆங்கில நாவல்களைக் கொண்டுவந்திருந்தாள். “இந்தக் குப்பைக்கா பணம் செலவழிக்கிறாய்?” என்று கேட்பது என் வழக்கம். அன்றும் கேட்டேன். “அப்பா, ஐம்பது பக்கம் படிச்சுப்போட்டு ஏசுங்கோ” என்றாள் அவள். வேறு வேலையில்லாத மாலை. மேசையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. படிக்கத் தொடங்கினேன்.

இவ்வகைக் கதைகளை நகர்சார் மாயக் கதைகள் எனலாம். பழைய மாயக் கதைகளில் அற்புதம் யாவும் ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் நிகழும். இவற்றிலோ நாம் அறிந்த தெருவிலே, பொலிசு நிலையத்துக்கும் தேநீர்க் கடைக்கும் இடையிலே நிகழும். எம்மா புல் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1987ஆம் ஆண்டில் மினியாப்பொலிஸ் நகரத்து இசைக் குழு ஒன்றைத் தேவகணங்களின் போருக்குள் இழுத்துவிட்டு ஒரு நாவல் எழுதினார். இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுவர். பின்னர் 1993இல் லோரல் ஹமில்டன் சென் லூயிஸ் நகரைக் களமாகக் கொண்டு ஒரு தொடரைத் தொடங்கினார். அதன்பின் பெருநகரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாயத் தொடர் என்னும் நிலை வந்துவிட்டது. தமிழ் படித்தவருக்கு இது முற்றிலும் புதுமையன்று. புகார் நகரத்து நாற்சந்தியிலே நின்று, பொய்ச்சான்று கூறுவோரையும் புறங்கூறுவோரையும் பிணித்து விழுங்கும் சதுக்கப்பூதத்தைச் சிலப்பதிகாரத்திற் சந்தித்தவர்கள்தாமே நாம்.

நான் சொல்லவந்த தொடர், கதைத்தலைவியின் பெயரால் ‘கேற் டானியல்ஸ்’ தொடர் என வழங்குவது. எழுதியவர் இலோனா ஆன்ட்ரூஸ். இப்பெயருக்குள் இருவர் இருக்கின்றனர். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதுகிறார்கள். மனைவி ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றவர். கணவர் அமெரிக்கப் படையிற் பணியாற்றியவர். பல்கலைக்கழகத்து ஆங்கிலக் கட்டுரை வகுப்பொன்றிற் சந்தித்தவர்களாம். தொடரின் முதல் நூலான ‘மஜிக் பைட்ஸ்’ 2007இலும், பத்தாவது நூலான ‘மஜிக் ட்ரயம்ப்ஸ்’ 2018இலும் வெளிவந்தன.

களம் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். 1864ஆம் ஆண்டில், அந்நாட்டு உள்நாட்டுப் போரிலே, உண்மையாகவே எரிந்துபோன நகரம் அது. சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையையே அந்நகரம் தன் முத்திரையாகக் கொண்டிருக்கிறது. கதையில் அதே நகரம் வேறொரு விதமாக அழிந்துகொண்டிருக்கிறது. மனிதன் பொறிகளை அளவுமீறி வளர்த்தான்; உலகின் சமநிலை கெட்டது; முற்காலத்தில் மறைந்துபோன மாயம் திரும்பி வந்தது. ஆனால் அது நிலையாக வரவில்லை, அலையலையாக வருகிறது. அலை எழுந்தால் மின்விளக்கு அணையும், மோட்டார் வண்டி நிற்கும், துப்பாக்கி வெடியாது, மந்திரம் பலிக்கும். அலை வடிந்தால் மந்திரம் செத்துவிடும், விளக்கு மீண்டும் எரியும். எப்பொழுது எழும், எப்பொழுது வடியும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். உயர்ந்த கட்டடங்களை மாயம் கறையானைப்போல அரித்துத் தின்கிறது. நகரின் நடுப்பகுதி இடிபாடாகிவிட்டது. இவை யாவற்றுக்கும் நடுவிலே மக்கள் வேலைக்குப் போகிறார்கள், வாடகை கட்டுகிறார்கள், கோப்பி குடிக்கிறார்கள்.

வீடுதோறும் இருவகை விளக்குகள் உள்ளன. ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது மாயத்துக்கு. தெருவிலே குதிரைகளும் கோவேறு கழுதைகளும் திரும்பி வந்துவிட்டன. மாயம் எழுந்த வேளையில் ஓடுவதற்கென நீரால் இயங்கும் வண்டிகள் உண்டு. அவற்றைக் கிளப்புவதற்கு முன்னால் நின்று கால்மணி நேரம் மந்திரம் சொல்லவேண்டும். ஓடினாலும் காது செவிடுபடும் இரைச்சல்.

இந்தப் பக்கத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று மகள் கேட்டாள். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் அது திரும்பவில்லை. அப்பொழுது எனக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பெற்றோல் இல்லாத அந்நாட்களிலே பழைய ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளம்பும் வரையில் எங்கள் ஊர்ச் சாரதி ஒருவர் அதன் முன்னால் நின்று சொன்ன ‘மந்திரங்களை’ வானொலியிற் கூற இயலாது. இதைச் சொன்னேன். மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “பிறகு?” என்றாள்.

பிறகு, ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரி போட்டு எரித்த விளக்கைப் பற்றிச் சொன்னேன். அதன் ஒளியில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததையும், காலையில் மூக்கைத் துடைத்தால் கைலேஞ்சியிற் கரி இருந்ததையும் சொன்னேன். செய்தி கேட்பதற்காகத் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, ஒருவர் மிதிக்க, அதன் தைனமோவில் மற்றவர்கள் வானொலி கேட்டதைச் சொன்னேன். அதுவரையில் இவற்றை நான் வீட்டிலே பேசியதில்லை. மறைக்கவேண்டும் என்பதற்காக அன்று. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததனால். அட்லாண்டாவின் குதிரை வண்டி எனக்கு அந்தத் தொடக்கத்தைத் தந்தது.

மாயக் கதை உண்மையிலிருந்து தப்பியோடுவோருக்கு உரியது என்று நானும் வகுப்பறையிற் கூறியிருக்கிறேன். இத்தொடரைப் பொறுத்தவரையில் அது தவறு. ஆற்றல்கள் முறைவைத்து வந்து போகும் நகரத்திலே ஒரு சாதாரண மனிதன் எப்படி இரு விளக்கு வைத்துக்கொண்டு வாழ்கிறான் என்பதனை, நான் படித்த நடப்பியல் நாவல்கள் பலவற்றிலும் நுணுக்கமாக இது சொல்கிறது. எழுதியவர்கள் எங்களை நினைத்து எழுதவில்லை என்பது உண்மையே. ஆனால் விளக்கணையும் கணத்திலே கை தானாகவே தீப்பெட்டியைத் தேடிச் செல்வதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

இனிக் காதலுக்கு வருவோம். கேற் கூலிக்கு வாள்வீசும் பெண். அவளுடைய பாதுகாவலர் கொலையுண்டதை ஆராயப் புறப்படும்போதுதான் கதை தொடங்குகிறது. அவள் குருதியில் ஓர் இரகசியம் உண்டு. அதனை எவரேனும் அறிந்தால் அவளுக்கு மட்டுமன்றி, அவளுடன் நெருங்கியவருக்கும் ஆபத்து. ஆகவே காயத்தைக் கட்டிய துணியையும் எரித்துவிடுகிறாள். நண்பரும் வேண்டாமென்று வாழ்கிறாள். கரன் உருமாறும் மக்களின் தலைவன், சிங்கமாக மாறுபவன். இருவரும் முதல் நூலிலே சந்திக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள். இணைவதோ நான்காவது நூலிலே. திருமணம் ஒன்பதாவது நூலிலே, அதாவது 2016இலே. முதல் நூலை வெளிவந்தவுடன் படித்த வாசகர் இதற்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்றால் அவர்களுடைய ஆர்வத்தை என்னென்பது!

இக்காதலில் என்னைக் கவர்ந்தது சண்டையும் வீரமும் அல்ல, ஒரு கிண்ணம் கோழிச் சூப்பு. இரண்டாவது நூலிலே காயமுற்றுக் கிடக்கும் கேற்றுக்குக் கரன் சூப்புக் கொடுக்கிறான். அவளும் பசியிற் குடித்துவிடுகிறாள். உருமாறும் மக்களிடையே ஒருவர் மற்றவருக்கு உணவளிப்பது அன்பைத் தெரிவிக்கும் செயல் என்பதைப் பின்னர்தான் அறிகிறாள். நான்காவது நூலிலே அவள் அவனுக்காகச் சமைத்துவைத்துக் காத்திருக்க, அவன் வரவில்லை; உணவு ஆறிப்போகிறது. உலகம் அழிவதைக் காட்டிலும் அந்த ஆறிய உணவு வாசகரை அதிகம் வருத்துகிறது. காதல் என்பது வார்த்தையல்ல, யார் யாருக்கு உணவு எடுத்துவைக்கிறார் என்பதே என்று அறிந்த எழுத்து இது. பஞ்சகாலங்களைக் கண்ட நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

குறைகளும் உள. முதல் நூல் கரடுமுரடானது. அதனைப் படித்துவிட்டுத் தொடரையே கைவிட்டவர்களை நான் குறைகூறேன். வெட்டும் குத்தும் அளவுக்கு மிஞ்சியவை. இடையிடையே முதிர்ந்தோருக்கு மாத்திரம் உரிய பக்கங்கள் வருகின்றன. ஆதலால் என் பாடசாலை நூலகத்தில் இவற்றை வைக்கமாட்டேன். தொடக்க நூல்களிலே கரன் அழைப்பின்றி அவளுடைய வீட்டுக்குள் நுழைவதை நகைச்சுவைபோலக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. கதவு பூட்டியிருந்தால் வெளியே நிற்கத் தெரியவேண்டும், சிங்கமாயினும். மகளிடம் இதைச் சொன்னபோது அவள் என்னோடு வாதிடவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

ஆயினும் தொடரின் பிற்பகுதியிலே ஒரு வினா எழுகிறது. அதற்காகவே மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். கேற்றின் தந்தை ரோலண்ட் பன்னூறு தலைமுறைகளுக்கு முற்பட்ட பேராற்றல் உள்ளவன், மாயத்தோடு விழித்தெழுந்தவன். அவனை வெறும் அரக்கனாகப் படைத்திருந்தால் வேலை எளிது. அவ்வாறு செய்யவில்லை. அவன் அழகன், இனிமையாகப் பேசுவான், சாதாரண உணவுச்சாலையில் மகளோடு அமர்ந்து உண்பான். நகரங்களைத் தான் ஆள விரும்புவது மக்களின் நன்மைக்கே என்று மனமார நம்புகிறவன். அவனிடமிருந்து அட்லாண்டாவைக் காப்பதற்கு ஏழாவது நூலின் இறுதியில் மகளும் அவன் வழியையே கையாளுகிறாள். இந்நகரம் என்னுடையது என்று தன் ஆற்றலால் உரிமை கொள்கிறாள். அன்றைய ஆபத்து நீங்குகிறது. ஆனால் காப்பதற்காக உரிமை கொண்டவர், உரிமைக்காகக் காப்பவராக மாறும் நாள் எது? அந்நகர மக்களை யார் கேட்டார்கள்? பின்வரும் நூல்களில் அவள் தன் குரலிலே தந்தையின் குரலைக் கேட்டு அஞ்சும் இடங்கள் உண்மையான அச்சத்தைத் தருகின்றன. அப்பொழுது அவளைத் தடுத்து நிறுத்துவன பெரிய தத்துவங்கள் அல்ல. இரண்டாவது நூலிலே தெருவில் அகப்பட்டு அவள் வளர்ப்பு மகளான ஜூலி என்னும் சிறுமி இருக்கிறாள். நேருக்கு நேர் தவறு என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். சமையலறையில் நிற்கும் அந்தச் சிங்கம் இருக்கிறது. முடிவு என்ன என்பதை நான் சொல்லிவிட்டால் மகள் என்னை மன்னிக்கமாட்டாள்.

படிக்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு யோசனை. மூன்றாவது நூலிலிருந்து தொடங்குங்கள். பிடித்தால் முதல் இரண்டுக்கும் திரும்பிச் செல்லுங்கள். இது என் கருத்து. முதலிலிருந்தே வரிசையாகப் படிக்கவேண்டும், அல்லாவிட்டால் சூப்பு எதற்கென்று விளங்காது என்பது என் மகளின் கருத்து. 2022இல் விளக்கடியில் தொடங்கிய அந்த வழக்கு, மின்சாரம் வந்த பிறகும் எங்கள் வீட்டிலே தீரவில்லை.